வௌவால் கணக்கெடுப்பும் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சரணாலயம், தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் வௌவால் கணக்கெடுப்பு நடக்கும்போது, புதிதாகச் சேர்பவர்களும் சும்மா வேடிக்கை பார்க்க வருபவர்களும் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றைப் பதில்களோடு இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. குழப்பம் அதிகமுள்ள இடங்கள் அவைதான்.

வௌவால்களை ஏன் எண்ண வேண்டும்? நிறையத்தானே இருக்கின்றன?

சாயங்கால வானத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். உலகில் 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உண்டு. பாலூட்டி இனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று வௌவால்தான். ஆனால் பல இனங்கள் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் அடைகின்றன. அந்த ஒரு குகை கெட்டுப்போனால் சுற்றுவட்டாரக் கூட்டமே போய்விடும்.

அப்புறம், உடம்பு சிறியது என்பதால் எலி மாதிரி வேகமாகப் பெருகும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான இனங்களில் ஒரு தாய் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் ஈனும். அதற்கு ஈடாக ஆயுள் நீளம். சைபீரியாவில் வளையம் மாட்டி விடப்பட்ட பிராண்ட் வௌவால் ஒன்று 41 ஆண்டுகள் கழித்து உயிரோடு பிடிபட்டது. பத்து கிராம்கூடத் தேறாத உடம்பு அது. இப்படி நிதானமாகப் பெருகும் உயிரினத்தில் பாதி செத்துப்போனால், பழைய நிலைக்குத் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகும். சரிவை ஆரம்பத்திலேயே பிடிக்காவிட்டால் பிறகு பிடித்துப் பயனில்லை.

வௌவால் போனால் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் நோயால் பூச்சியுண்ணும் வௌவால்கள் மடிந்த மாவட்டங்களில், விவசாயிகள் பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டைச் சராசரியாக 31 விழுக்காடு கூட்டினார்கள் என்று 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது.

அப்படியானால் ஒரு காட்டில் மொத்தம் எத்தனை வௌவால் இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது. அதிகாரிகளும் செய்தியாளர்களும் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான். துல்லியமாகச் சொல்ல முடியாததும் இதுவேதான். இரவில் பறக்கிற, பகலில் பாறையிடுக்கிலும் மரப்பொந்திலும் ஒளிந்துகொள்கிற, மாதத்துக்கு ஓரிடம் மாறுகிற விலங்கைத் தலை எண்ண வழியில்லை. டெக்சாஸின் பிராக்கன் குகையில் ஒன்றரைக் கோடிக்கு மேல், ஜாம்பியாவின் கசங்கா தேசியப் பூங்காவில் ஆண்டுக் கடைசியில் கூடும் பழந்தின்னி வௌவால்கள் ஒரு கோடி அளவில் என்றெல்லாம் படித்திருப்பீர்கள். அவையும் மதிப்பீடுகளே.

நமக்குத் தேவை மொத்தத் தொகை அல்ல, போக்கு. கூடுகிறதா, குறைகிறதா, அப்படியே இருக்கிறதா? அதற்கு ஒரே இடத்தில், ஆண்டின் அதே வாரத்தில், அதே முறையில் திரும்பத் திரும்ப எண்ணினால் போதும். நூறில் பத்தைத் தவறவிடும் முறையாக இருந்தாலும், ஒவ்வோர் ஆண்டும் அதே பத்தைத் தவறவிட்டால் போக்கு சரியாகவே தெரியும். இந்த ஆண்டு கண்ணால், அடுத்த ஆண்டு கேமராவால், அதற்கடுத்த ஆண்டு வேறொரு மாதத்தில் என்று மாற்றிக்கொண்டே இருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த கருவி வைத்திருந்தாலும் வீண். முறையை மாற்றியே ஆக வேண்டுமென்றால், ஓரிரு பருவமாவது பழையதையும் புதியதையும் சேர்த்தே நடத்தி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடைவிடத்திலிருந்து வெளியேறும்போது எண்ணுவது எப்படி?

இதுதான் மலிவான முறை. தொந்தரவும் குறைவு. என் கணக்கில் மிக நம்பகமானதும் இதுதான்.

முந்தைய நாள் பகலிலேயே போய் வாசல்களைக் கண்டுபிடித்து வைக்க வேண்டும். பழைய கட்டடமோ பாறைப் பிளவோ, வௌவால் வந்துபோகும் இடுக்கின் விளிம்பு உரோமத்தின் எண்ணெய்ப் பிசுக்குப் பட்டுக் கறுத்து வழவழவென்றிருக்கும். அதற்கு நேர் கீழே எச்சம் கிடக்கும். எலிப் புழுக்கையா என்று சந்தேகம் வந்தால் கையுறையோடு எடுத்து நசுக்கிப் பாருங்கள்: எலியுடையது காய்ந்து கெட்டியாக இருக்கும், பூச்சியுண்ணும் வௌவாலின் எச்சம் பொடியாக உதிரும், பொடியில் பூச்சி இறக்கைத் துணுக்குகள் மினுமினுக்கும்.

எண்ணும் நாளில் சூரியன் மறைவதற்குக் கால் மணி நேரம் முன்பாவது இடத்துக்குப் போய்விட வேண்டும். வாசலுக்குப் பின்னால் வெளிறிய வானம் தெரியும்படி, சற்றுப் பக்கவாட்டில் உட்காருங்கள். பறக்கும் பாதையின் குறுக்கே நிற்கக் கூடாது. நின்றால் முதலில் வரும் சில வௌவால்கள் வாசலிலேயே திரும்பிவிடும், பின்னால் வருபவையும் தயங்கும். டார்ச் வேண்டாம், பேச்சும் வேண்டாம். இரண்டு கையிலும் கைக்கொரு கிளிக்கர் (அழுத்த அழுத்த எண் கூடும் சிறு கருவி): வலதில் வெளியே போனவை, இடதில் உள்ளே திரும்பியவை. கடைசியில் கழித்துக்கொள்ளலாம். வாசல் ஒன்றுக்கு ஓர் ஆள் கட்டாயம். ‘நான் ரெண்டையும் பார்த்துக்கறேன்’ என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

தேதி முக்கியம். குட்டிகள் பறக்கத் தொடங்குவதற்கு முன் எண்ணினால் வளர்ந்தவை மட்டும் கணக்கில் வரும். சில வாரம் கழித்துப் போனால் அந்த ஆண்டுக் குட்டிகளும் சேர்ந்து எண்ணிக்கை எகிறியிருக்கும். கூட்டம் பெருகிவிட்டது என்று சந்தோஷப்பட்டு அறிக்கை எழுதிவிடக் கூடாது. கூட்டம் பெரிதென்றால் அகச்சிவப்பு விளக்கும் வீடியோவும் வைத்துப் பதிவுசெய்து, பிறகு மெதுவாக ஓடவிட்டு எண்ணலாம். அப்போதும் ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியே எண்ணிப் பார்ப்பது நல்லது.

டிடெக்டர் என்ன செய்கிறது?

மனிதக் காதுக்கு எட்டும் உச்சம் சுமார் 20 கிலோஹெர்ட்ஸ். பூச்சியுண்ணும் வௌவால்கள் பெரும்பாலும் அதற்கு மேலேதான் குரல் எழுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு வழியையும் இரையையும் அறிகின்றன. அந்த மீயொலியை நாம் கேட்கும் ஒலியாக மாற்றித் தருவது டிடெக்டர். கையில் பிடித்துக்கொண்டு நடப்பவை ஒரு வகை. மரத்தில் கட்டிவிட்டு வந்தால் இரவு முழுக்கத் தானாகப் பதிவுசெய்பவை இன்னொரு வகை. ஆடியோமாத் போன்ற சிறிய, மலிவான ரெக்கார்டர்கள் வந்த பிறகு இந்த வேலை மிகவும் எளிதாகிவிட்டது. நொடிக்கு 3,84,000 மாதிரிகள் எடுக்கும் கருவியால் 192 கிலோஹெர்ட்ஸ் வரை பிடிக்க முடியும்.

இனத்துக்கு இனம் அலைவெண் வேறு. ஐரோப்பாவில் ஒரே இனம் என்று நினைத்திருந்த பிபிஸ்ட்ரெல் வௌவால்களில் சில 45 கிலோஹெர்ட்ஸ் சுற்றியும் சில 55 சுற்றியும் கத்துவது கவனத்துக்கு வந்து, 1990-களில் மரபணுச் சோதனையும் சேர்ந்து, அவை இரண்டு தனி இனங்கள் என்று தெளிவானது. கேட்டுக்கொண்டே இருந்தால் இரை பிடிக்கும் தருணமும் பிடிபடும்: டக்... டக்... என்று நிதானமாக வந்த ஒலி சட்டென்று நெருங்கி ‘ட்ர்ர்ர்’ என்று ஒரே இழுவையாக முடியும். அந்த இடத்தில் அது வெறுமனே கடந்து போகவில்லை, இரை தேடுகிறது என்று அர்த்தம். முதல் முறை கேட்பவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள்.

இனி குறைகள். முதலாவது, கருவி எண்ணுவது கடந்து சென்ற தடவைகளை, வௌவால்களை அல்ல. ஒரே வௌவால் ரெக்கார்டரைச் சுற்றி ஐம்பது முறை வட்டமிட்டாலும், ஐம்பது வௌவால்கள் ஒருமுறை கடந்தாலும் கோப்பில் ஒரே மாதிரிதான் விழும். ஆகவே அறிக்கையில் ‘நடமாட்டம்’ என்று எழுத வேண்டுமே தவிர ‘எண்ணிக்கை’ என்று எழுதக் கூடாது. இரண்டாவது, உயர்ந்த அலைவெண் காற்றில் வெகுதூரம் போகாது. சிறிய குதிரைலாட வௌவால் 110 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்துகிறது. சில மீட்டர் தள்ளி நின்றாலே கருவிக்குக் கேட்காது. இலைமேல் உட்கார்ந்த பூச்சியைக் கவ்வும் இனங்கள் மிக மெல்லிய குரலில் ‘பேசுபவை’, அவையும் தப்பிவிடும். பெரும்பாலான பழந்தின்னி வௌவால்களோ எதிரொலியைப் பயன்படுத்துவதே இல்லை, கண்ணையும் மூக்கையும் நம்பி வாழ்பவை. அவற்றுக்கு டிடெக்டர் வைத்துப் பயனில்லை.

டிடெக்டர் பதிவுகளை அலசி மென்பொருள் சொல்லும் இனப் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ஒரே வௌவால் திறந்த வெளியில் ஒரு மாதிரியும் மர நெருக்கத்தில் வேறு மாதிரியும் குரல் கொடுக்கும். மென்பொருளைப் பழக்கிய ஒலித்தொகுப்பு வேறொரு கண்டத்தில் எடுத்ததாக இருந்தால், உங்கள் காட்டில் இல்லவே இல்லாத இனத்தின் பெயரையும் அது தயங்காமல் சொல்லும். ஆயிரக்கணக்கான கோப்புகளை வகை பிரித்துத் தர அதை விடுங்கள். அரிய இனம் என்று வருபவை ஒவ்வொன்றையும் அனுபவமுள்ள ஒருவர் அலை வரைபடத்தைப் பார்த்து உறுதிசெய்யட்டும். நிச்சயமில்லை என்றால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதில் ஒரு கேவலமும் இல்லை. மூல ஒலிக்கோப்புகளை அழிக்காதீர்கள். ஐந்து ஆண்டு கழித்து நல்ல மென்பொருள் வந்தால் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.

அப்படியானால் வலை போட்டுப் பிடிப்பது எதற்கு?

குரலால் பிரிக்க முடியாத இனங்களை உறுதிப்படுத்தவும், அங்கே குட்டி ஈனுகின்றனவா என்று அறியவும். கையில் எடுத்துப் பார்த்தாலும் தவறு நடக்கும் என்பது வேறு விஷயம்: 1948-இல் மேகமலையில் பிடிபட்ட ஒரு பழந்தின்னி வௌவால், வேறொரு சாதாரண இனத்தின் பெயரில் அருங்காட்சியகத்திலேயே கிடந்தது. தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதை மறுபடி ஆராய்ந்து, சாலிம் அலி பழந்தின்னி வௌவால் என்று 1972-இல் புதிய இனமாக அறிவித்தார்.

பயன்படுத்துவது இரண்டு வகை. ஒன்று, ஓடை மேலோ காட்டுப் பாதைக்குக் குறுக்கேயோ கட்டும் மிக மெல்லிய நைலான் வலை. இன்னொன்று, யாழ் நரம்பு மாதிரி நெடுக்கில் இழைகள் கட்டிய சட்டம். மோதும் வௌவால் வழுக்கி, கீழே தொங்கும் பைக்குள் விழும். வலையைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். விட்டுவிட்டால் வௌவால் சிக்கலை இறுக்கிக்கொள்ளும், சிறகு கிழியும், வேறொரு விலங்கு வந்து தின்றுவிடவும் கூடும். மழையில் வலை போடவே கூடாது.

பிடித்ததைத் துணிப்பையில் போட்டு எடை, வெர்னியர் அளவுகோலால் முன்கை நீளம், ஆணா பெண்ணா, இனப்பெருக்க நிலை பார்ப்பார்கள். வயது பார்ப்பது அழகான வேலை. சிறகை மெதுவாக விரித்துப் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் விரல் எலும்புகள் நிழலாகத் தெரியும். இளம் வௌவாலில் மூட்டின் இரு பக்கமும் வெளிச்சம் ஊடுருவும் குருத்தெலும்புப் பட்டைகள் இருக்கும். வளர்ந்ததில் அந்த இடம் திரண்டு கருத்த முடிச்சாகிவிடும். நிறை சூலி, பாலூட்டும் தாய் என்று தெரிந்தால் மற்ற அளவுகளைத் தள்ளிவைத்து உடனே விட்டுவிட வேண்டும்.

உரிய அனுமதியும், பயிற்சியும், வெறிநோய்க்கான முன்தடுப்பூசியும் இல்லாதவர்கள் வலைப் பக்கமே வரக் கூடாது. இதில் சமரசம் கிடையாது.

குகைக்குள் போய் எண்ணலாமா?

இரண்டு காலங்களில் கூடாது: குட்டி ஈனும் பருவம், குளிர் நாடுகளில் நெடுந்துயில் பருவம். தாய்கள் பதறிப் பறந்தால் குட்டிகள் தரையில் விழும். துயிலும் வௌவால் ஒருமுறை விழித்தால், பல வாரம் தூங்கப் போதுமான கொழுப்பை அந்த ஒரே விழிப்பில் எரித்துவிடும். குளிர் முடிவதற்குள் இருப்பு தீர்ந்துவிடும். தவிர்க்க முடியாத குளிர்காலக் கணக்கெடுப்பு என்றால் ஒரே முறை, இரண்டு மூன்று பேர், கூட்டத்தைப் புகைப்படமெடுத்துவிட்டு உடனே வெளியே. எண்ணிக்கையைப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு ஆபத்து நம் செருப்பில் ஒட்டிக்கொண்டு போகும். வெள்ளை மூக்கு நோயை உண்டாக்கும் பூஞ்சை 2006-இல் நியூயார்க் மாநிலத்துக் குகையொன்றில் எடுத்த படத்தில் முதன்முதலாகத் தெரிந்தது. ஐரோப்பா, ஆசிய வௌவால்கள் அதைப் பெருமளவு தாங்கிக்கொள்கின்றன. வட அமெரிக்காவில் பல இலட்சம் வௌவால்கள் மாண்டன, மூன்று இனங்கள் 90 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தன. அது குளிரில் வளரும் பூஞ்சை, ஆனால் அதன் வித்துகள் துணியிலும் கயிற்றிலும் நெடுநாள் உயிரோடிருக்கும். ஆகவே ஒரு குகையில் பயன்படுத்திய உடையையும் கருவியையும் 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடமாவது ஊறவைக்காமல் அடுத்த குகைக்குக் கொண்டுபோகக் கூடாது.

மரத்தில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால்களை எப்படி எண்ணுவது?

பகலில் மரம் மரமாக, பைனாகுலரோடு, தள்ளி நின்று. கிளைகளை உலுக்கிப் பறக்கவிட்டு எண்ணுவது மோசமான பழக்கம். இலை அடர்ந்த மரங்களில் சிலவற்றை மட்டும் துல்லியமாக எண்ணி மற்றவற்றுக்கு மதிப்பிடலாம், அல்லது மாலையில் வெளியேறும் வரிசையை எண்ணலாம். இவை ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை, எங்கே பூவும் பழமும் உண்டோ அங்கே நகரும். எனவே ஒரு பூங்காவில் குறைந்தது என்றால் செத்தது என்று அர்த்தமில்லை. பல இடங்களில் ஒரே வாரத்தில் எண்ணினால்தான் விடை கிடைக்கும். ஆஸ்திரேலியாவில் அப்படித்தான் செய்கிறார்கள்.

வெப்ப அலை நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். 2018 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் வட்டாரத்தில் வெயில் 42 டிகிரியைத் தாண்டியபோது இரண்டே நாளில் சுமார் 23,000 கண்ணாடிப் பழந்தின்னி வௌவால்கள் இறந்தன. அந்நாட்டில் இருந்த அந்த இனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

எண்ணிக்கை குறைவது தெரிந்துவிட்டது. அடுத்து என்ன?

செயல்பட வேண்டும். அதுவும் முழு நிச்சயம் வரும்வரை காத்திராமல். கிறிஸ்துமஸ் தீவு பிபிஸ்ட்ரெல் என்ற மூன்று, நான்கு கிராம் வௌவால் 1980-களில் அந்தத் தீவில் சாதாரணமாகப் பறந்துகொண்டிருந்தது. 1990-களிலேயே சரிவு பதிவானது. ஆண்டுக்காண்டு ஒலிக்கருவிகள் குறைந்துகொண்டே வந்த எண்களைப் பதிவுசெய்தன. காரணம் என்ன என்ற ஆராய்ச்சியும் நடந்தது. கூண்டில் வளர்த்துக் காப்பாற்றலாம் என்று 2009-இல் அனுமதி கிடைத்துக் குழு போய்ச் சேர்ந்தபோது மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அதைப் பிடிக்க முடியவில்லை. 2009 ஆகஸ்ட் 26-க்குப் பிறகு அதன் குரல் எந்தக் கருவியிலும் விழவில்லை. 2017-இல் அழிந்த இனம் என்று அறிவித்தார்கள். மிக நன்றாகக் கண்காணிக்கப்பட்ட சரிவு அது!

அதனால் கணக்கெடுப்புத் திட்டம் எழுதும்போதே, எவ்வளவு குறைந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு கூட்டம் போட்டுப் பேசலாம் என்றால் பேசிக்கொண்டேதான் இருப்போம்.

பாதுகாக்க நடைமுறையில் என்ன செய்யலாம்?

அடைவிடத்தைக் காப்பதுதான் முதல் வேலை. பொந்துள்ள பழைய மரங்களையும் பட்டுப்போன மரங்களையும் ‘காட்டைச் சுத்தம் செய்கிறோம்’ என்று வெட்டக் கூடாது. ஆட்கள் நுழையும் குகைக்குக் கம்பிக் கதவு போடலாம்: கம்பிகள் படுக்கைவாட்டில், இடைவெளி சுமார் 15 சென்டிமீட்டர், காற்றோட்டம் மாறாத அமைப்பு. ஆனால் எல்லா இனமும் கதவை ஏற்காது. நீள்சிறகு வௌவால்கள் கதவு போட்ட குகையை விட்டே போயிருக்கின்றன. கோடிக்கணக்கில் ஒன்றாக வெளியேறும் குகைக்கும் கதவு ஆகாது. அங்கே வாசலிலிருந்து தள்ளி வேலி போடுவதுதான் வழி. முதலில் மாதிரிக் கம்பிகளைத் தற்காலிகமாகக் கட்டி, அவை எப்படி நடந்துகொள்கின்றன என்று சில இரவு பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தண்ணீரும் முக்கியம். பறந்தபடியே வாய் வைத்துக் குடிப்பதால் தடையற்ற நீர்ப்பரப்பு வேண்டும். குட்டையை ஆகாயத்தாமரை மூடினாலோ குறுக்கே கம்பி ஓடினாலோ சிரமம். முள்கம்பி வேலியின் மேல் வரிசையைச் சாதாரணக் கம்பியாக மாற்றினால் பெரிய பழந்தின்னி வௌவால்கள் சிக்கிச் சாவது வெகுவாகக் குறையும்.

விளக்கு விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் உண்டு. தெருவிளக்கைச் சுற்றி வௌவால் பறப்பதைப் பார்த்து, அவற்றுக்கு வெளிச்சம் பிடிக்கும் என்கிறார்கள். வேகமாகப் பறக்கும் சில இனங்கள்தான் அப்படி. மெதுவாகப் பறக்கும் குதிரைலாட வௌவால்கள் வெளிச்சத்தைக் கண்டால் பாதையையே மாற்றிக்கொள்ளும். அணைக்க முடிந்த விளக்கை அணைப்பதே சிறந்தது. முடியாத இடத்தில் தாழ்வாக, கீழ்நோக்கி, சிவப்பு நிறத்தில் போடலாம். நெதர்லாந்தில் நடந்த களச் சோதனையில் சிவப்பொளி வெள்ளையையும் பச்சையையும்விடக் குறைவாகவே தொந்தரவு தந்தது.

எல்லைக்கு வெளியே காற்றாலைகள் இருந்தால் அவற்றையும் கணக்கில் எடுங்கள். காற்று மெதுவாக வீசும் இரவுகளில்தான் சாவு அதிகம். குறைந்த வேகக் காற்றில் விசிறியைச் சுழலவிடாமல் நிறுத்தி வைத்தாலே இறப்பு பாதியாகவும் அதற்குக் கீழும் குறைந்திருக்கிறது.

வௌவால் பெட்டி மாட்டினால் போதாதா?

போதாது. சில இனங்கள் பெட்டியை ஏற்கும், பல ஏற்காது. வெயில் நேராக விழும் இடத்தில் மாட்டினால் உள்ளே வெந்துவிடும். இருக்கும் மரத்தை வெட்டிவிட்டுப் பெட்டி மாட்டுவது பாதுகாப்பு அல்ல.

வௌவாலால் நோய் வருமே?

சும்மா அருகில் பறந்தால் வராது. தொட்டால், கடிபட்டால் ஆபத்துண்டு. உலகில் மனிதர்களுக்கு வரும் வெறிநோயில் 99 விழுக்காடு நாய் வழியாகத்தான், ஆனால் வௌவாலிலும் அந்தக் குடும்பத்து வைரஸ்கள் உண்டு. கடித்தாலோ கீறினாலோ, காயம் கண்ணுக்கே தெரியாத அளவு இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பார்த்துத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். தரையில் கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் எடுக்காதீர்கள். நோய் நம்மிடமிருந்து அவற்றுக்குப் போகவும் வாய்ப்புண்டு, எனவே கையாள்பவர்கள் முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும். சளி, காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு வர வேண்டாம்.

அடைவிடம் எங்கே என்று வரைபடத்தில் போடலாமா?

பொதுவில் வேண்டாம். துல்லிய இடம் காப்பக நிர்வாகத்தின் பதிவேட்டில் இருக்கட்டும். வெளியே தரும் வரைபடத்தில் பத்து கிலோமீட்டர் கட்டம் போதும். புகைப்படம் பகிரும்போது அதனுள் பதிந்திருக்கும் இடக்குறிப்பையும் நீக்கிவிடுங்கள்.

எத்தனை ஆண்டுகள் எண்ண வேண்டும்?

இரண்டு, மூன்று ஆண்டில் ஒன்றும் தெரியாது. மழை, பூச்சி, குளிர் என்று ஆண்டுக்காண்டு ஏறி இறங்குவது இயல்பு. அதற்குள் மறைந்திருக்கும் மெதுவான போக்கு வெளிப்பட, பத்தாண்டுக்கு மேல்கூட ஆகலாம். பிரிட்டனில் 1996-இலிருந்து தன்னார்வலர்கள் விடாமல் எண்ணிவருவதால்தான் எந்த இனம் மீள்கிறது என்று இன்று அங்கே தெளிவாகப் பேச முடிகிறது. அமெரிக்காவில் கற்றாழையிலும் கள்ளியிலும் தேன் குடிக்கும் சிறிய நீள்மூக்கு வௌவால் 1988-இல் அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டபோது, தெரிந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே. அடைவிடங்களைக் காத்து, மெக்சிகோவிலும் சேர்ந்து வேலை செய்து, 2018-இல் இரண்டு இலட்சம் என்ற மதிப்பீட்டோடு பட்டியலிலிருந்து எடுத்தார்கள். எடுத்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு கண்காணிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.